மருந்து குடிக்காத தூண்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் வீட்டுக்கு வருகிற பாதி வழியில் பட்டறைக்குத் திரும்பிப் போய் உருளையின் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டித்தான் இருந்தது. பூட்டியது நான்தான், அதுவும் தெரியும். வாட்ச்மேன் சிரிக்கிறார்: "நேத்தும் வந்தீங்க, முந்தாநாளும் வந்தீங்க. அது எங்கேயும் ஓடிப் போகாதும்மா." சிரிக்கட்டும். கவலைப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான். மரப் பட்டறையில் மருந்தேற்றும் பிரிவுக்கு நான் பொறுப்பு. வெயிலிலும் மழையிலும் நிற்கப்போகிற மரத்தை அந்த நீள இரும்பு உருளைக்குள் தள்ளி, காற்றை உறிஞ்சி எடுத்து, செம்பு மருந்தை அழுத்தத்தில் உள்ளே செலுத்துவோம். மரம் மருந்து குடித்துவிட்டது என்று சீட்டில் கையெழுத்துப் போடுவதும் நான்தான்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். குரலே வேறு மாதிரி இருந்தது. அத்தானுக்கு வேலை கிடைத்துவிட்டது! தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு பதினான்கு மாதம் வீட்டிலேயே இருந்தார். இதுதான் முதல் பெரிய வேலை. மறுவாழ்வு இல்லம் ஒன்றில் கேட்டிலிருந்து கட்டடம் வரை சரிவான ஈர நிலம். அதில் தூண் நட்டு, பலகை போட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து ஒரு மரப்பாதை. பக்கவாதம் வந்தவர்களும் கால் முறிந்தவர்களும் அதில்தான் நடந்து பழகப் போகிறார்களாம்.

அத்தான் நாற்காலி, மேசை, அலமாரி செய்கிறவர். வீட்டுக்கு வெளியே நிற்கிற மரத்தை இதுவரை தொட்டதில்லை.

"அதான் நீ இருக்கியே, அப்புறம் என்ன?" என்றாள் அக்கா. ஆமாம், நான் இருக்கிறேன். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

அத்தான் பட்டறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"வார்னிஷ் நாலு கோட்டு அடிச்சா போதாதா?"

போதாது என்றேன். வார்னிஷ் ஒரு வெயிலில் வெடிக்கும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே இருந்து மரத்தை அழுக வைக்கும்.

"அப்ப எண்ணெய்?"

பலகைக்குச் சரி, வருஷா வருஷம் தேய்க்க ஆள் இருந்தால். மண்ணுக்குள் போகிற தூணுக்கு உதவாது.

"ரயில் கட்டைக்குப் போடுவாங்களே, கறுப்பா, தாரெண்ணெய்?"

அது மரத்தைக் காப்பாற்றும். ஆனால் பிசுக்கும் நாற்றமும் போகாது, தோலும் எரியும். நடக்கத் தெரியாமல் நடுங்குகிறவர்கள் இரண்டு கையாலும் இறுகப் பிடிக்கப்போகிற இடத்தில் அதைப் போடக் கூடாது. போரான் உப்பு என்று கடைக்காரர் சொன்னாராம். அது கூரைக்குக் கீழே இருக்கிற மரத்துக்கு நல்ல மருந்து, கரையான் கிட்டே வராது. மழை பட்டால் வந்த வழியே கரைந்து போய்விடும். கடைசியில் செம்பு மருந்துக்கே வந்து நின்றோம். நன்றாக உலர்ந்த மரம் வேண்டும், ஈர மரத்துக்குள் மருந்துக்கு இடமிருக்காது. உயரம் சரிசெய்ய அறுப்பதென்றால் மேல் முனையைத்தான் அறுக்க வேண்டும், அறுத்த வாயில் உடனே மருந்து தடவ வேண்டும். குழியைச் சிமெண்டால் மூடாமல் சரளை போட வேண்டும், தண்ணீர் வடியட்டும் என்று.

எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதும்போது நாக்கை ஓரமாகக் கடித்துக்கொள்கிறார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இந்த மனுஷரைப் பார்த்தா இத்தனை வருஷம் பயந்துகொண்டிருக்கிறேன்?

மார்ச் 7, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே எனக்குச் சாதகமாக மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

அத்தான் தூண் பொறுக்க வந்தார். இருபத்திரண்டு தூண். அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து, முனையைப் பார்த்து, விரலால் தட்டி, தடவி. வெள்ளை தெரிகிற கட்டையையெல்லாம் ஒதுக்கித் தள்ளினார். மரத்தில் வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் வைரம். முழுக்க வைரமாக, செக்கச்செவேலென்று இருக்கிற தூண்களாகத் தேடித் தேடி எடுத்தார். இந்த லோடில் முதிர்ந்த மரம் நிறைய வந்திருந்தது. அவர் கேட்டது கிடைத்தது.

"முப்பது வருஷத்துல வெள்ளை வெச்ச கட்டை ஒண்ணுகூட என் கையால வெளிய போனதில்லை," என்று லோடு ஏற்றுகிறவர்களிடம் சொன்னார். அவர்களும் ஆஹா என்று தலையாட்டினார்கள்.

நாற்காலிக்கு அது சரி. வெள்ளையில்தான் புழு விழும். ஆனால் மருந்தேற்றுகிற எங்களுக்கு நேர் எதிர். வெள்ளைதான் மருந்தைக் கடைசிச் சொட்டு வரை குடிக்கும். வைரம் வாயை இறுக மூடிக்கொள்ளும். தேக்காக இருந்தால் கவலையில்லை, அதன் வைரமே அதற்கு மருந்து. தோட்டத்தில் வளர்த்து வெட்டுகிற இந்த மரத்துக்கு வைரம் என்பது பேருக்குத்தான். மருந்து இல்லாமல் ஈர மண்ணில் நின்றால் நாலைந்து வருஷம் தாங்கினாலே பெரிசு. இது எனக்குத் தெரியும். இதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் என் வேலை.

நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. "வெயிலா இருக்கு அத்தான், தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

ஏன் என்றால் — அந்த அலமாரி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அக்கா வீட்டில் விருந்தாளிகள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தபோது, அவர் செய்த கண்ணாடி அலமாரியின் கதவு ஒரு நூல் சாய்ந்திருக்கிறது என்று சொன்னேன். உண்மையிலேயே சாய்ந்திருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் திருப்புளியை எடுத்து வந்து, எல்லோர் எதிரிலும் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அதற்குப் பிறகு எட்டு மாதம் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. அக்காதான் நடுவில் நின்று, "அவர் இப்படிச் சொல்றார்", "அவ அப்படிச் சொல்றா" என்று இரண்டு பக்கமும் சேதி சுமந்தாள்.

இன்று நாலு பேர் எதிரில் மறுபடியும் அதே காரியத்தைச் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான். வேறு காரணம் கிடையாது.

மார்ச் 8, ஞாயிறு

எல்லா வைரமும் ஒரே மாதிரி இருக்காது. கொஞ்சமாவது குடிக்கும். குடிக்கத்தான் வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

ஒன்பது மணிக்கு அத்தானின் தூண்களை உருளைக்குள் ஏற்றிக் கதவை மூடினோம். தொட்டியில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று முன்னும் பின்னும் பார்ப்போம். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு மரத்துக்குள் போயிருக்கிறது என்று கணக்கு. இருபத்திரண்டு தூணுக்கு நானூறு லிட்டராவது குறைய வேண்டும். நூற்றுப்பத்து குறைந்திருந்தது.

அளவுக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நூற்றுப்பத்துதான். தொட்டியில் அளவு காட்டுகிற மிதவை சிக்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். போன மாதம்கூட ஒரு தடவை சிக்கியது.

முறைப்படி ஒவ்வொரு தடவையும் நாலைந்து கட்டையில் பென்சில் தடிமனுக்குத் துளை போட வேண்டும். உள்ளேயிருந்து வருகிற குச்சியில் சோதனைத் திரவத்தை விட்டால் மருந்து போன இடம் நீலமாகும், போகாத இடம் செம்மஞ்சளாக நிற்கும். துளையை மரமுளை வைத்து அடைத்துவிடுவோம். கருவியை எடுத்துக்கொண்டு போனேன். அத்தான் உருளை வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன பண்ணப் போற?"

"சின்ன ஓட்டை அத்தான். சும்மா, பார்க்கறதுக்கு."

"பாத்துப் பாத்துப் பொறுக்கினது. அதுல ஓட்டை போடுவியா?" கோபம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "உன் மருந்து மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மருந்து மரத்தைப் பிடித்துக்கொள்ளப் பத்து நாள் மூடி வைக்க வேண்டும். அதைத் தன் கொட்டகையிலேயே செய்துகொள்வதாக அத்தான் சொல்லியிருந்தார். நான் கருவியைப் பெட்டியில் திருப்பி வைத்தேன். சீட்டில் 'ஏறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குடித்த அளவு என்ற கட்டத்தில் 'மிதவை பழுது' என்று எழுதினேன்.

தூண்கள் வெளியே வந்தபோது அழகாகத்தான் இருந்தன, இளம்பச்சையாக. வெளியே வரும்போது எல்லா மரமும் பச்சையாகத்தான் இருக்கும்.

மார்ச் 11, புதன்

மூன்று தடவை போய்க் கதவைப் பார்த்தேன். உருளைக் கதவை இல்லை, வீட்டுக் கதவை.

மார்ச் 12, வியாழன்

இன்று வேறொருவருடைய வேலிக் கட்டைகள். தொட்டி ஒழுங்காகக் குறைந்தது. போதாததற்கு அளவுகோலை உள்ளே விட்டும் பார்த்தேன். கோல் சொன்னதும் மிதவை சொன்னதும் ஒன்றுதான். மிதவைக்கு ஒரு குறையும் இல்லை.

இன்னும் நடவில்லையே. தூண்கள் கொட்டகையில்தான் கிடக்கின்றன. இப்போது சொன்னால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லவில்லை.

போகிற வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன். 'அத்தான், ஒரு சின்ன விஷயம்.' சின்ன விஷயமா அது? 'அத்தான், தப்பா நினைக்காதீங்க.' தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பார்?

சமையலறையில் அக்கா என் காதோரம் வந்து, "நேத்து அவர் விசிலடிச்சார்டி. குளிக்கும்போது. நான் ரேடியோன்னு நினைச்சேன்," என்றாள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. ஒரு வருஷமாக அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவள் அவள். நான் சொல்ல வந்ததைச் சாப்பாட்டோடு சேர்த்து மென்று முழுங்கிவிட்டு வந்தேன்.

மார்ச் 18, புதன்

நாளைக்குப் போன் செய்கிறேன். முகம் பார்க்காமல் சொல்வது சுலபம்.

மார்ச் 19, வியாழன்

செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "பதினெட்டுக் குழி முடிஞ்சுது. சரளையும் வந்தாச்சு, நீ சொன்ன மாதிரியே போடுறேன்," என்றார். நீ சொன்ன மாதிரியே! "சரி அத்தான், சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

சீ. என்னைப் போல ஒரு கோழை உண்டா?

மார்ச் 22, ஞாயிறு

அக்கா படம் அனுப்பியிருக்கிறாள். இருபத்திரண்டும் நட்டாகிவிட்டது. நூல் பிடித்த மாதிரி இரண்டு வரிசை. 'எப்படி இருக்கு?' என்று கேட்டிருந்தாள். 'சூப்பர்' என்று அனுப்பினேன்.

மார்ச் 24, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் இல்லத்துக்குப் போனேன். அத்தான் தூண்களின் தலையை மட்டம் பார்த்து அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்த வாயில் மருந்து தடவித் தருகிறேன் என்று தூரிகையும் டப்பாவுமாகப் போனது ஒரு சாக்கு. எனக்கு வேண்டியது அறுத்து விழுந்த துண்டு. ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். "எதுக்கு?" என்றார். "மேசையில காகிதம் பறக்குது," என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு.

வராந்தாவில் சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து வேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டினவராம். எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிடுகிறார்கள். இடது கால் வரவில்லை.

"இதுல நடந்துதான் கேட்டுக்குப் போவேன்னு வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்கேன். ஏப்ரல் பத்தாம் தேதி அனுப்புறாங்க," என்றார். "கைப்பிடி கெட்டியா இருக்கும்ல? நான் கொஞ்சம் கனம். என் முழுக் கனத்தையும் அது மேலதான் போடணும்."

"கெட்டியா இருக்கும்," என்றேன்.

இந்த வருஷம் கெட்டியாகத்தான் இருக்கும். அடுத்த வருஷமும் இருக்கும். அதற்கடுத்த வருஷம் மண்ணுக்கு மேலே பச்சையாக, அழகாக நிற்கும். மண்ணுக்குள் என்ன ஆகிறது என்று யாருக்கும் தெரியாது. அப்போது இன்னொரு டிரைவர் வருவார். அவரும் முழுக் கனத்தையும் அதன்மேல் போடுவார்.

மார்ச் 26, வியாழன்

இரண்டு நாள் அந்தத் துண்டு பையிலேயே கிடந்தது. இன்று எல்லோரும் டீக்குப் போனபோது வெளியே எடுத்து, திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

சுற்றிலும் நகக்கண் அளவுக்கு நீலம். உள்ளே முழுக்கச் செம்மஞ்சள்.

மறுபடி விட்டேன். பாட்டில் பழசாக இருக்குமோ என்று புதுப் பாட்டிலைத் திறந்தேன். அதே நகக்கண்தான்.

மார்ச் 27, வெள்ளி

முதலாளியிடம் சொன்னேன். அவர் துண்டைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, என் பக்கமே தள்ளினார்.

"மரத்தைப் பொறுக்கினது யாரு?"

"அத்தான்தான்."

"துளை போட வேண்டாம்னது?"

"அவர்தான். ஆனா அவர் பேச்சைக் கேட்டது நான். போடாம விட்டதும் நான். சீட்டுல கையெழுத்து என்னோடது."

அப்புறம் ஒரு வழி சொன்னார். மண் மட்டத்தில் ஒரு முழம் தோண்டி, தூணைச் சுற்றி மருந்துப் பசை தடவிக் கட்டுப் போட்டுவிடலாமாம். பராமரிப்பு என்று சொன்னால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அத்தானுக்கும் தெரிய வேண்டாம், குடும்பத்திலும் குழப்பமில்லை. நாலைந்து வருஷம் கூடுதலாக நிற்கும்.

எனக்கு ஆசையாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். மத்தியானம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பசை, கட்டு, யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கட்டுகளை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து மறுபடி கட்ட வேண்டும். யார் போய்க் கட்டுவார்கள்? விஷயமே தெரியாதவர்களா? நான் இந்தப் பட்டறையிலேயே இருப்பேனா? ஊரிலேயே இருப்பேனா?

பலகை போடுவது திங்கட்கிழமை ஆரம்பம். பலகை போட்டுவிட்டால் தூணைப் பிடுங்குவது நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

மார்ச் 28, சனி

ஒரு வேலையும் ஓடவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாளைக்கு அத்தானிடம் சொல்கிறேன். எழுதிவிட்டேன், இனி பின்வாங்க முடியாது என்று எழுதுகிறேன். நோட்டுக்கு என்ன தெரியும், இது போல எத்தனை எழுதியிருக்கிறேன் இதில்.

மார்ச் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கொட்டகையில் அத்தான் தனியாக இருந்தார். அக்கா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பேச்செல்லாம் மறந்துவிட்டது. துண்டையும் பாட்டிலையும் அவர் வேலை மேசைமேல் வைத்தேன். பக்கத்தில், வேலிக் கட்டையிலிருந்து அறுத்த வெள்ளைத் துண்டு ஒன்று.

"மருந்து போன இடம் நீலமாகும். நீங்களே விட்டுப் பாருங்க அத்தான்."

முதலில் வெள்ளைத் துண்டில் விட்டார். முழுக்க நீலமாகியது, நடு வரை. அப்புறம் தன் துண்டில் விட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். விளக்கமே தேவைப்படவில்லை. மரம் தெரிந்தவர்.

"நான் பொறுக்கும்போது நீ பக்கத்துல நின்ன."

"ஆமா."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் தண்ணி வேணுமான்னு கேட்ட."

அலமாரிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நாலு பேர் எதிர்ல, அன்னிக்கு நீங்க, அதனாலதான் — எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தூரிகையைக் கழுவி வைத்தார். மேசையைத் துடைத்தார். "நீ போ," என்றார்.

படியில் அக்கா. பக்கெட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள். "அலமாரிக்கு மட்டும் அன்னிக்கு அவ்வளவு நீளமா நாக்கு இருந்துச்சே, இதுக்கு எங்கடி போச்சு? வேண்டாத இடத்துல பேசுவ, வேண்டிய இடத்துல ஊமை. மூணு வாரம்! மூணு வாரம் அந்தத் தோளை வெச்சுக்கிட்டு குழி வெட்டினாரே அந்த மனுஷர்!" அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அழுதேன், எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

மார்ச் 30, திங்கள்

பழைய சீட்டின் குறுக்கே கோடு போட்டு, 'ஏறவில்லை. சோதனை செய்யாமல் கொடுத்தது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. இனி ஒரு மாதத்துக்குச் சீட்டில் கையெழுத்துப் போடும் வேலை எனக்கில்லை, அவரே பார்த்துக்கொள்வாராம். சரி என்றேன். மனசு கொஞ்சம் லேசான மாதிரி இருக்கிறது. தப்பா இது?

ஏப்ரல் 2, வியாழன்

அத்தானிடமிருந்து ஒன்றுமில்லை. அக்காவும் பேசவில்லை. ஒருவேளை அவர் பலகையைப் போட ஆரம்பித்துவிட்டாரோ? கோபத்தில் மனிதர்கள் எதையும் செய்வார்கள். பொறுக்க முடியாமல் இல்லத்துக்கு நேராகவே போனேன், நிர்வாகி அம்மாவைப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று.

அவர் எழுந்து நாற்காலி போட்டார். "உங்க அத்தான் திங்கட்கிழமை காலையிலயே வந்து சொல்லிட்டாரேம்மா. மரத்தை நான் தப்பாப் பொறுக்கிட்டேன், எல்லாத்தையும் பிடுங்கிட்டு வேற நட்டுத் தரேன், இன்னும் ஒரு மாசம் குடுங்கன்னார். நாங்களும் சரின்னுட்டோம்."

"என்னைப் பத்தி?"

"உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. ஏன்?"

எட்டு மாதம் பேசாமல் இருந்தவர். என்னை நீ போ என்றவர். அடுத்த நாள் காலையில் போய், தன் முப்பது வருஷப் பேரைத் தூக்கி அந்த மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். இந்த முறையும் எனக்கு நாக்கு எழாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. சொன்னேன். பொறுக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றதை, துளை போடாததை, சீட்டை, எல்லாவற்றையும். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "அடுத்த தடவை எத்தனை ஓட்டை வேணும்னாலும் போடுங்க. எங்களுக்கு அழகு முக்கியமில்லைம்மா," என்றார்.

வராந்தாவில் டிரைவர். விஷயம் அவருக்கும் தெரிந்துவிட்டது. "அப்ப பத்தாம் தேதிக்கு ஆகாது," என்றார். ஆகாது என்றேன். "சரி விடுங்க," என்று நாற்காலியை உள்ளே திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

யாரும் கூப்பிடவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு நானே போனேன். அத்தான் முதல் தூணைச் சுற்றிச் சரளையை அள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார். போ என்று சொல்லவில்லை.

நெம்புவது நான், ஆட்டி எடுப்பது இருவரும். நல்ல வேளை சிமெண்ட் இல்லை. பதினோரு மணிக்கு அவர் வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அவரும் எழுந்துவிடுவார் என்று தெரியும். மத்தியானம் அக்கா சாப்பாடு கொண்டு வந்தாள். இரண்டு தட்டு. என் தட்டை என் பக்கத்தில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். சாப்பிட்டேன்.

மொத்தம் பதினான்கு பிடுங்கினோம். ஒரு நாள் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. கையில் நாலு கொப்புளம்.

ஏப்ரல் 8, புதன்

மீதி எட்டும் வந்துவிட்டது. குழிகள் காலியாக நிற்கின்றன. மழை வந்து மண் சரிந்தால்? வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது.

ஏப்ரல் 10, வெள்ளி

டிரைவர் இன்று வீட்டுக்குப் போயிருப்பார். பின்பக்கச் சந்து வழியாக, நாற்காலியிலேயே. அவர் வீட்டுக்காரி கேட்டில் நின்றிருப்பாளா, பின்னால் வரச் சொல்லியிருப்பார்களா? என்னால் அவருக்கு அந்த ஐம்பது அடி நடை இல்லாமல் போனது. இதை எந்தச் சீட்டில் கோடு போட்டு அழிப்பது?

ஏப்ரல் 11, சனி

அத்தான் புதுத் தூண் பொறுக்க வந்தார். எங்கள் பட்டறைக்கு வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. நான் அடுக்குக்குப் பின்னால் நழுவப் பார்த்தேன்.

"எங்க போற? இங்க வா."

லோடு ஏற்றுகிறவர்கள் நாலு பேரும் நின்றிருந்தார்கள். முதலாளியும் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார். அத்தான் ஒரு தூணை இழுத்து முனையை என் பக்கம் திருப்பினார். "இது?"

நடுவில் பெரிதாகச் சிவப்பு. நான் ஏதோ முனகினேன்.

"காதுல விழல."

"வேண்டாம் அத்தான்."

"ஏன்னு சொல்லு. இவங்களுக்கும் கேக்கட்டும்."

"வைரம் அதிகம். மருந்து குடிக்காது."

ஒதுக்கி வைத்தார். அடுத்ததை இழுத்தார். "இது?" இப்படியே ஒவ்வொன்றாக. இருபத்திரண்டு தேறுவதற்குள் நாற்பது, நாற்பத்தைந்து தூண் புரட்டியிருப்போம். ஒவ்வொன்றுக்கும் நான் வாயைத் திறந்து, சத்தமாக, அந்த நாலு பேர் எதிரில், அவர் கையிலிருக்கிற மரத்தைச் சரி, சரியில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் பத்துக்கு என் குரல் நடுங்கியது. அப்புறம் நடுங்கவில்லை. ஒரு தடவை, "அது ஈரம், அளந்து பாக்காம எடுக்காதீங்க!" என்று அதட்டியே விட்டேன். லோடுக்காரர் ஒருவர் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை, ஆனால் கீழே வைத்துவிட்டார்.

முடிந்ததும், நான் வேண்டாம் என்று தள்ளிய குவியலுக்குப் போய், அதிலிருந்து ஒரு தூணை, முழுக்க வைரம், தோளில் படாமல் இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் திரும்பிப் பார்த்தார்.

"இது உங்க அக்காவுக்கு, சமையல்கட்டுல ஒரு ஸ்டூல். மழை படாத இடம். இதுக்கு உன்னை யாரும் கேக்கல."

"நல்ல கட்டை அத்தான்," என்றேன். உண்மையிலேயே நல்ல கட்டைதான்.